ஹாலுக்கும் ஏழு நாள்

ஒரு கான்கிரீட் தளத்தை நான் ஒற்றை விரலால் விழவைத்தேன். சாரத்தில் ஏறவில்லை, சுத்தியலைத் தொடவில்லை, தலையில் ஹெல்மெட்கூட இல்லை. தகரக் கொட்டகை ஆபீசில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, கணினித் திரையில் இருந்த ஒரு நீலப் பட்டையின் நுனியைப் பிடித்து இடதுபக்கம் இழுத்தேன். பதினான்கு, ஏழு ஆனது. அந்த ஏழை நகலெடுத்து அடுத்த இரண்டு வரிகளிலும் ஒட்டினேன். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த டீ நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகமிருக்கிறது.

என் உத்தியோகம் பிளானிங் இன்ஜினியர். ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் எந்த வேலை என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிய வேண்டும் என்று அட்டவணை போடுகிறவன். தொழிலாளிகள் எனக்கு வைத்த பெயர் காலண்டர். தேதி சொல்கிறவன் என்று அர்த்தமா, சுவரில் சும்மா தொங்குகிறவன் என்று அர்த்தமா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டாவதுதான் என்று சொல்லிவிட்டால் மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. மேனேஜருக்கு அவர்கள் வைத்த பெயர் 'நாளைக்கு'. சம்பளம் எப்போது என்று யார் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் ஒரே சொல் அது.

அந்த மாதம் கட்டடத்தின் சொந்தக்காரர்களிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஒப்பந்தத் தேதிக்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். ஒரு நாள் அபராதத்தை வைத்து எனக்கு ஒரு வருஷம் சம்பளம் கொடுக்கலாம். நாங்கள் இருபது நாள் பின்தங்கியிருந்தோம். மேனேஜர் என் மேஜை விளிம்பில் ஒரு தொடையை ஏற்றி உட்கார்ந்தார்.

"இருபது நாள் வேணும்ப்பா."

"ரெண்டு வழி இருக்கு சார். இன்னொரு செட் முட்டு வாடகைக்கு எடுக்கலாம். இல்லைன்னா ஆளுங்களை ரெண்டு ஷிஃப்டா போடலாம்."

"ரெண்டுமே காசு."

"நாளைக் குறைச்சா காசு ஏறும் சார். காசைக் குறைச்சா நாள் ஏறும். ரெண்டையும் ஒண்ணா குறைக்க முடியாது."

"படிச்சதை ஒப்பிக்காதே. காசு கேக்காத நாள் ஒண்ணுகூடவா உன் தாள்ல இல்ல? தேடிப் பாரு."

தேடினேன். கான்கிரீட் கொட்டியவுடனே ஒரு தளம் தன் கனத்தைத் தானே தாங்கிவிடாது. கீழே வரிசையாக இரும்பு முட்டுக் கொடுத்து, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே செட் முட்டுகள். ஒரு தளத்துக்கு அடியிலிருந்து பிரித்தால்தான் அடுத்த தளத்துக்குக் கொண்டுபோக முடியும். ஆகவே அந்தக் காத்திருப்பு ஒரு நாள் நீண்டால் மொத்தக் கட்டடமும் ஒரு நாள் நீளும். என் அட்டவணையில் காத்திருப்புக்கு நீல நிறம் கொடுத்திருந்தேன். மற்ற பட்டைகளுக்குப் பக்கத்தில் எத்தனை ஆள், எவ்வளவு கூலி என்று எழுதியிருக்கும். நீலத்துக்குப் பக்கத்தில் மட்டும் பூஜ்யம். யாரும் வேலை செய்யாத, யாருக்கும் கூலி இல்லாத பதினான்கு நாள். மிச்சமிருந்த மூன்று தளங்களுக்கும் அப்படி மூன்று பட்டைகள் சும்மா படுத்துக்கிடந்தன.

கட்டடத்தை வடிவமைத்த இன்ஜினியரம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். முறைப்படி கேட்டேன் என்பதை இப்போதும் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். பதில் வந்தது. 'கலவையைச் சற்று வலுவாக்கினால் முட்டுகளை ஏழு நாளில் பிரிக்கலாம்' என்பது முதல் வரி. எனக்கு வேண்டியது முதல் வரியிலேயே கிடைத்துவிட்டால் இரண்டாவது வரிக்குப் போகும் பழக்கம் எனக்கு இல்லை. பெண் பார்த்த காலத்தில் மனைவி எழுதிய கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். அதனால்தான் இந்தக் கல்யாணமே நடந்தது என்று அவள் சொல்வாள்.

கலவையைச் சற்று வலுவாக்கச் சொல்லிவிட்டேன். மூன்று ஏழு இருபத்தொன்று. இருபது கேட்ட மேனேஜருக்கு ஒரு நாள் கொசுறும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் என் முதுகில் தட்டினார். அட்டவணையை அச்செடுத்து, மூலையில் கையெழுத்துப் போட்டு, சுவரில் ஒட்டினேன்.

கட்டடத்தில் எல்லா மாடியும் ஒன்றுபோல இருக்கும், ஏழாவதைத் தவிர. அதன் கிழக்குக் கோடியில் உணவுக்கூடத்துக்காக ஒரு பெரிய ஹால். நடுவில் தூணே கிடையாது. ஆனால் என் தாளில் ஏழாம் மாடித் தளம் என்பது ஒரே வரி. ஹாலுக்கென்று தனி வரி இல்லை.

முட்டுப் பிரிப்பதற்கு முந்தின நாள் சென்ட்ரிங் மேஸ்திரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, பிறகு பிரிக்கிற ஐந்து பேருக்குத் தலைவர். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார். செருப்பில் சிமென்ட் இருக்கிறது என்பார்.

"சார், நாளைக்கு ஹால் பக்கமும் சேர்த்தே பிரிச்சிரலாங்களா?"

நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "தாள்ல என்ன மேஸ்திரி போட்டிருக்கு?"

"ஏழுன்னு போட்டிருக்கு."

"அப்ப ஏழுதான். ஹாலுக்குன்னு தனியா சீர்வரிசையா வைக்க முடியும்?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். சாரின் ஜோக்குக்கு எவ்வளவு சிரிக்க வேண்டுமோ அவ்வளவு சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அன்றைக்கு ஜல்லி லாரி வருகிற நாள் இல்லை. அட்டவணை போட்டவன் நானல்லவா, எனக்குத் தெரியும். அதனால்தான் எழுந்து ஓடினேன்.

ஏழு மாடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. அந்தப் படிகளில் அதற்கு முன்னால் நான் மூன்று முறைகூட ஏறியதில்லை. ஹாலின் மேல்தளம் பாதியில் மடங்கி, ஒரு விளிம்பு தரையில் இறங்கியிருந்தது. அதன்மேல் அடுத்த மாடிக்கான கம்பிக் கட்டுகள் சரிந்து கிடந்தன. தளம் தயார் என்று என் தாள் சொன்னதால் காலையிலேயே மேலே ஏற்றி அடுக்கியிருக்கிறார்கள். புழுதி அடங்கவில்லை. மேஸ்திரி ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நான்கு பேர் வந்தது. தன்னையும் சேர்த்து எண்ணினார். ஐந்து.

"மாப்பிள்ளை" என்றார். கூப்பிடுகிற குரலே இல்லை. யாரிடமோ விலாசம் விசாரிக்கிற குரல்.

மாப்பிள்ளை என்பது அவருடைய தங்கையின் புருஷன். கடைசி வரிசை முட்டைத் தட்டிக்கொண்டிருந்தவன். உத்தரத்துக்கு அடியில் வலதுகால் மாட்டி, மல்லாந்து கிடந்தான். நினைவு இருந்தது. பிரித்து வைத்திருந்த அதே முட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்து, நூல் நூலாகத் திருகி உத்தரத்தைத் தூக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வேறு எந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை. சட்டையைக் கழற்றி அவன் வாயிலும் கண்ணிலும் படிந்த புழுதியைத் துடைத்தேன். என்னவாவது பேச வேண்டுமே என்று, "ஒண்ணும் இல்ல, ரெண்டு நாள்ல எந்திரிச்சு நடந்துருவீங்க" என்றேன்.

அவன் கண்ணைத் திறந்து பார்த்தான். "ரெண்டு நாளா சார்? தாள்ல போட்டுட்டீங்களா?"

அவன் கேலியாகச் சொன்னானா, நிஜமாகவே கேட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாயங்காலம் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கே அந்தக் கடிதத்தைத் திறந்து இரண்டாம் வரியைப் படித்தேன். 'நடுவில் தூண் இல்லாத ஏழாம் மாடி ஹாலுக்கு இது பொருந்தாது. அங்கே முட்டுகள் இருபத்தொரு நாள் இருக்க வேண்டும்.' எழுத்துகள் ஒன்றும் பொடியாக இல்லை. முதல் வரி அளவிலேயே இருந்தன.

இன்ஜினியரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கடிதத்துல எழுதியிருக்கேனே" என்றார்.

"எழுதியிருக்கீங்க மேடம். நான்தான் படிக்கல. அப்ப இது என்னாலதானே?"

"விசாரணை வரப்போகுது. இந்தப் பேச்சை நாம பேசாம இருக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேனேஜர் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு அதற்கு முன் சாத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. கீல் முனகியது.

"வியாழக்கிழமை விசாரணை அதிகாரி வர்றார். நீ ஒண்ணும் பேசவேண்டாம். முட்டு பிரிக்கறதுக்கு முன்னாடி அனுமதிச் சீட்டுல இன்ஜினியர் கையெழுத்து வாங்கணும். அதுதான் விதி. மேஸ்திரி வாங்கல. வாங்காம பிரிச்சான். முடிஞ்சது."

அந்த விதியைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டிய சைட் இன்ஜினியர் இரண்டு மாதம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, செலவு மிச்சம். அவருக்குப் பதிலாக நான் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் ஏழு மாடி யார் ஏறுவது? ஆகவே தாளில் உள்ள தேதிப்படி மேஸ்திரி பிரித்துவிடுவார், சீட்டுகளைச் சேர்த்து வைப்பார், சனிக்கிழமை மொத்தமாக என் மேஜையில் வைப்பார், நான் வரிசையாகக் கையெழுத்துப் போடுவேன். கட்டடம் முழுக்க இதுதான் நடைமுறை. தளம் விழுந்தது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமைவரை தாங்கியிருந்தால் சீட்டில் என் கையெழுத்து இருந்திருக்கும்.

"சார், சனிக்கிழமைதானே போடுறோம்."

"எந்த விதியில சனிக்கிழமைன்னு இருக்கு?"

"அட்டவணை நான் போட்டது சார். ஹாலுக்கு ஏழுன்னு போட்டதே நான்தான்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீ போட்டது திட்டம். திட்டம்னா என்னப்பா? ஆசை. இருபது நாள் மிச்சமாகணும்னு நாம ஆசைப்பட்டோம். ஆசைப்பட்டவனை யாராவது உள்ளே வைப்பாங்களா? பிரிச்சவன் எவனோ அவன்தான் பதில் சொல்லணும்."

"அப்ப என் மேல தப்பு இல்லைங்கறீங்களா?"

"நாம எல்லாரும் ஒரு குடும்பம்" என்றார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிற குடும்பம்.

புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். அவன் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பாதியிலேயே தட்டையாகவும் இருந்தது. நான் போர்வையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து, "நல்ல காத்தோட்டமான இடம்" என்றேன். என் வாயை யாராவது தைத்து வைத்தால் பாதிப் பாவம் குறையும்.

தலைமாட்டில் அவன் மனைவி நின்றிருந்தாள். மேஸ்திரியின் தங்கை. ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவிட்டு விலகினாள். அவள் உள்ளங்கைகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன, வெகுநேரம் தண்ணீரில் ஊறின கை மாதிரி.

"நீங்களும் நம்ம சைட்லயாம்மா வேலை?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார். தளம் போட்டதும் தண்ணி விடுறது நான்தான். காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க மேல வர்றதில்லல்ல."

குத்திக்காட்டும் தொனி இல்லை. விவரம் சொல்லும் தொனிதான். தளம் இறுகுகிற நாட்களில் அது வெயிலில் வெடிக்காமல் இருக்க ஓரத்தில் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். நான்கு வருஷம் கல்லூரியில் படித்திருக்கிறேன். யாரும் வேலை செய்யாத நாட்கள் என்று நான் பூஜ்யம் போட்ட நீலப் பட்டையில் ஒருத்தி தினம் நான்கு முறை ஏழு மாடி ஏறிக்கொண்டிருந்தாள். அவளுடைய கூலி துப்புரவுச் செலவில் சேர்ந்து போய்க்கொண்டிருந்ததால் என் கண்ணில் படவில்லை.

கட்டிலில் கிடந்தவனிடம் கேட்டேன். "என் மேல கோபமா?"

"சே, என்ன சார் நீங்க. எங்க நேரம் சரியில்ல. உங்க மேல என்ன கோபம்."

"தாள்ல தப்பாப் போட்டது நான்."

"நீங்க என்ன வேணும்னா போட்டீங்க. விடுங்க சார்." பிறகு சற்றுத் தயங்கி, "ஆபீஸ்ல ஆஸ்பத்திரி செலவுக்கு ஏதோ பேப்பர்ல கையெழுத்துப் போடணுமாம். நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க சார்" என்றான்.

"சைட் இன்ஜினியருக்குப் பதிலா நான்தான் போடணும். போட்டுடறேன்."

"அப்புறம் என்ன சார்" என்று அவன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. டீ வாங்கி வரவா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழ வேண்டாம் என்று நானும் குனிந்தேன். இரண்டு பேரும் பாதிக் குனிந்த நிலையில் கொஞ்ச நேரம் நின்றோம்.

"நாளைக்கு விசாரணையாம் சார். சீட்டு இல்லாம பிரிச்சது நான்தான்னு கேஸ் போடுவாங்களாம்."

"யார் சொன்னா?"

"மேனேஜர்தான் கூப்பிட்டுச் சொன்னாரு. ஒத்துக்கிட்டா மாப்பிள்ளைக்கு நஷ்டஈடு சீக்கிரம் கிடைக்குமாம்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "உள்ளே போட்டா எத்தனை நாள் சார் இருக்கும்?"

நாள் கணக்கு என்றால் என்னைத்தான் கேட்பார்கள்.

"எனக்கு மூணு புள்ளைங்க. தங்கச்சிக்கு ரெண்டு. இனிமே ரெண்டு வீட்டுக்கும் என் கூலிதான். வருஷக்கணக்குல ஆகாதுல்ல?"

"மேஸ்திரி, அன்னைக்கு நீங்க ஹாலைப் பத்தி என்கிட்ட கேட்டீங்க. உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?"

இதை நான் ஏன் கேட்டேன் என்று மறைக்க விரும்பவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது என்று சொல்லிவிட்டால் என் பாரத்தில் பாதியை அவர் தலையில் ஏற்றிவிடலாம். என் தொழிலே அதுதானே. ஒரு வரியிலிருந்து நாளை எடுத்து இன்னொரு வரியில் போடுவது.

"அதெல்லாம் எதுக்கு சார் இப்ப" என்றார் அவர்.

"என் மேல கோபமா?"

"ஐயையோ, உங்க மேல எதுக்கு சார்." உடனே வந்தது பதில். அவ்வளவு வேகமாக வந்த பதிலை எந்தத் தளத்துக்கு அடியிலும் முட்டாகக் கொடுக்க முடியாது.

வியாழக்கிழமை காலை மனைவி மகளுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக் கடன் இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது என்பதையும் சொன்னேன், அவளுக்குத் தெரியாதது போல.

"இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கிற?"

"நான் சொன்னா கேப்பீங்களா?"

"கேப்பேன்."

"கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் லேட்டா வந்த ஆளு நீங்க. உங்களைப் போய் நாள் கணக்குப் போட வச்சிருக்காங்க பாருங்க." டப்பா மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு முறை அழுத்தினாள். "முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட வந்திருக்கீங்க. அப்புறம் என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

"தப்பு என் பேர்லன்னு நீ நினைக்கிறியா?"

"ஸ்கூல் வண்டி வந்துடும்" என்று சொல்லி மகளைக் கூப்பிட்டாள்.

விசாரணை எங்கள் தகரக் கொட்டகையிலேயே நடந்தது. அதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்திருக்கும் மனிதர். எதிரே மேஸ்திரி, வெளுத்த சட்டை போட்டு, பித்தானைக் கழுத்துவரை மாட்டியிருந்தார். செருப்பை வெளியே விட்டிருந்தார்.

"அனுமதிச் சீட்டு இல்லாம பிரிச்சீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க" என்றார் மேஸ்திரி.

"ஏன்?"

மேஸ்திரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த என் அட்டவணை அங்கே இல்லை. நான்கு மூலையிலும் பசை நாடாத் துணுக்குகள் மட்டும் இருந்தன. அதைப் பார்த்ததும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கணினியில் அதன் பிரதி இருந்தது. காலையிலேயே அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன், மடித்த கடிதத்தோடு.

"ஐயா, நான் பேசலாங்களா?" என்றேன். இரண்டு தாளையும் மேஜைமேல் வைத்தேன். சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். ஏழு நான் போட்டது, இரண்டாம் வரியை நான் படிக்காதது, ஹாலைப் பற்றி மேஸ்திரி கேட்டது, நான் சிரித்தது, சனிக்கிழமைக் கையெழுத்து. சிரித்ததை விட்டுவிடலாம் என்று நடுவில் ஒரு ஆசை வந்தது. விடவில்லை.

"இருபது நாள் குறைக்கணும்னு யார் சொன்னது?"

"மேனேஜர். வழி கண்டுபிடிச்சது நான்."

"இதை யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லைங்க. சொல்லாதேன்னுதான் சொன்னாங்க."

அதிகாரியின் பேனா ஓடியது. மேனேஜர் எழுந்து வெளியே போனார். மேஸ்திரி என் சட்டை நுனியை மேஜைக்கு அடியில் பிடித்து இழுத்து, "உங்களுக்கு எதுக்கு சார் இது" என்று கிசுகிசுத்தார். அவருக்கு அப்போதும் நான்தான் சார்.

மறுநாளே என் வேலை போயிற்று. கடைசியாகப் போட்ட கையெழுத்து ஆஸ்பத்திரிச் செலவுக்கான தாளில். அதை வியாழக்கிழமை மாலையே போட்டுக் கணக்குப் பிரிவில் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் நான் குறித்த நேரத்தில் முடித்தேன் என்று என் கல்லறையில் எழுதலாம். வழக்கில் கம்பெனி முதல் எதிரி, மேனேஜர் இரண்டு, நான் மூன்று. மேஸ்திரியின் பெயர் சாட்சிகள் பக்கத்துக்குப் போயிற்று. பக்கத்துச் சைட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவரே போன் செய்து சொன்னார். நீங்க நல்லா இருக்கணும் சார் என்றார். என் மேல் கோபமில்லையே என்று மறுபடி கேட்டேன். அவர் மறுபடி ஐயையோ என்றார்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு, ஒரு நல்ல காரியம் செய்தவனைப் பார்த்து நாலு பேர் முகம் மலர வேண்டும் என்று இருந்தது. அதைத்தான் அனுதாபம் என்று சொல்லிக்கொண்டு ஆறு ஆரஞ்சுப் பழத்தோடு கிளம்பினேன்.

அவன் உட்கார்ந்திருந்தான். காய்ச்சலில் கன்னம் ஒட்டியிருந்தது. தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்து, இன்னும் நான்கு விரல் மேலே எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். மச்சானைக் காப்பாத்திட்டீங்க சார், பெரிய மனசு சார் என்று கையைக் கூப்பினான். எனக்கு வேண்டியது கிடைத்தது. உள்ளே இறங்கவில்லை.

"உண்மையாச் சொல்லுங்க, என் மேல கோபமே இல்லையா?"

"விடுங்க சார், அதையே கேட்டுக்கிட்டு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். திரும்புவதற்கு அவன் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிக்கட்டுவரை வந்துவிட்டேன். பின்னால் காலடி கேட்டது. அவன் மனைவி, என் ஆரஞ்சுப் பையோடு நின்றிருந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள். சார் என்று சொல்லவில்லை.

நின்றேன்.

"வர்றப்பல்லாம் கோபமா கோபமான்னு கேக்குறீங்க. அவரு சொல்லமாட்டாரு. எங்கண்ணனும் சொல்லமாட்டாரு. இத்தனை நாள் பணம் உங்க கையெழுத்துல வர வேண்டியிருந்துச்சு. அதனால நானும் சொல்லல. இப்ப நீங்க அங்க இல்ல."

"சொல்லும்மா."

"ஏழு நாள் நான் அந்த ஹால் மேல தண்ணி விட்டேன். எட்டாம் நாள் காலையில ஹோஸோட போனா, வேணாம், கம்பி ஏத்தப் போறோம்னு அனுப்பிட்டாங்க. மத்த இடத்துல தேக்கின தண்ணி அப்படியே நின்னுச்சு. ஹால்ல மட்டும் நடுவால போய்த் தேங்குச்சு. முட்டு நிக்கிறப்பவே தளம் நடுவுல இறங்குது. தினம் பாத்தேன். அண்ணன்கிட்ட சொன்னேன். அதனாலதான் அண்ணன் உங்ககிட்ட வந்து கேட்டாரு."

படிக்கட்டின் கைப்பிடி குளிர்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கண்ணன் வெளிய இருக்கிறது உங்களாலதான். அதுக்குக் கும்பிடுறேன். அதை எந்நாளும் இல்லைன்னு சொல்லமாட்டேன்." ஆரஞ்சுப் பையை என் கையில் வைத்து, நான் விட்டுவிடாதபடி விரல்களை மடக்கிவிட்டாள். "ஆனா நீங்க கேட்டதுக்குப் பதில் வேணும்னா, ஆமா, கோபம் இருக்கு. எனக்கும் இருக்கு, அவருக்கும் இருக்கு. அது போகாது. உங்களைப் பாக்குற அன்னைக்கெல்லாம் ராத்திரி பூரா அவரு தூங்குறதில்ல. இனிமே வராதீங்க."